உவமையும் உருவகமும்: கல்லீரலின் கணினி மாதிரிகள் குறித்துக் கண்வலிக்கிழங்கு வழி ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மருந்தைக் கல்லீரல் எவ்வாறு மாற்றி நீக்குகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி மாதிரிகள் இன்று மருந்து ஒழுங்குமுறை அமைப்புகளின் ஏற்பைப் பெற்றுள்ளன. இம்மாதிரிகள் எவ்வகை ஒப்புமையின்மேல் நிற்கின்றன, அவ்வொப்புமை எங்கே முறிகிறது என்பவற்றைத் தொல்காப்பிய உவமவியலின் பாகுபாட்டைத் துணைக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. வெள்ளகோவில், மூலனூர் வட்டாரத்தில் விளையும் கண்வலிக்கிழங்கின் கால்சிசின் என்னும் மருந்துப்பொருள் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கண்வலிக்கிழங்கு, கால்சிசின், கல்லீரல், கணினி மாதிரி, உவமை, உருவகம், வெள்ளகோவில்

முன்னுரை

திருப்பூர் மாவட்டத்தின் தென்கிழக்கே, கரூரிலிருந்து காங்கயம் வழியாகக் கோவை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது வெள்ளகோவில். விசைத்தறியும் எண்ணெய் ஆலையும் இவ்வூரின் அறியப்பட்ட தொழில்கள். ஊரைக் கடந்து தெற்கே மூலனூர், தாராபுரம் நோக்கிச் செல்லும் வறண்ட நிலப்பகுதியில் இவை இரண்டிலும் சேராத மற்றொரு தொழில் உண்டு. கிளுவையும் விராலியும் கொழுகொம்பாக நிற்கக் கண்வலிக்கிழங்குக் கொடி அவற்றின்மீது ஏறிப் படர்கிறது. சூலகத் தண்டு மகரந்தப் பைகளை விட்டு ஒருபுறமாக மடங்கி நிற்பதால் இப்பூவில் தன்மகரந்தச் சேர்க்கை எளிதில் நிகழ்வதில்லை. எனவே காலை வேளையில் தோட்டத்தில் இறங்கி ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் சேர்க்கின்றனர். விளைந்த விதை கிலோக் கணக்கில் விலைபோய், மருந்துத் தொழிலுக்கு மூலப்பொருளாகக் கடல்கடந்தும் செல்கிறது.

இச்செடியைத் தமிழ் ஆய்வுலகம் காந்தள் என்னும் பெயரால் நெடுங்காலமாக அறியும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் மலர்ப்பட்டியல் செங்காந்தளில்தான் தொடங்குகிறது. முருக வழிபாட்டோடு இணைந்த இம்மலர் இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். சங்கப் பாடல்களில் மகளிர் விரலுக்கு இது உவமையாக வருவதைப் பலர் ஆராய்ந்துள்ளனர். இலக்கிய ஆய்வுகள் பெரும்பாலும் பூவோடு நின்றுவிடுகின்றன; கிழங்குக்கும் விதைக்கும் அவை இறங்குவதில்லை. கிழங்கிலும் அதனினும் மிகுதியாக விதையிலும் இருப்பது கால்சிசின். கீல்வாத வலிக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவரும் இம்மருந்து, அண்மைக் காலத்தில் இதயக் குருதிக்குழாய் நோய்க்கும் பயன்படுகிறது. 2023ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 0.5 மில்லிகிராம் மாத்திரைக்கு அதற்கான ஒப்புதலை அளித்தது. விதையின் எடையில் கால்சிசின் 0.5 விழுக்காடு எனக் குறைத்து மதிப்பிட்டாலும் ஒரு கிலோ விதையில் அத்தகைய 10,000 மாத்திரைகளுக்கான பொருள் அடங்கியிருக்கிறது. மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடையே கால்சிசினில் உள்ள தொலைவு மிகக் குறுகியது.

இக்குறுகிய தொலைவை இன்று கணினி அளக்கிறது. விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து, வாயில் சிரை வழியாகக் கல்லீரலை அடைந்து, அங்கு நொதிகளால் ஒரு பகுதி மாற்றப்பட்டு, எஞ்சியது உடலெங்கும் பரவும் போக்கைச் சமன்பாடுகளாக எழுதித் தீர்க்கும் மென்பொருள்கள் பல உள்ளன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த சிம்சிப், அமெரிக்காவின் காஸ்ட்ரோபிளஸ், ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் உருவாகிப் பின்னர்த் திறமூலமாக வெளியிடப்பட்ட பிகே-சிம் ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் இரண்டும் இத்தகைய மாதிரிகளை எவ்வாறு எழுதி அளிக்க வேண்டும் என்பதற்கான வழிகாட்டுதல்களை 2018இல் வெளியிட்டன. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளுக்கு 2023இல் செய்யப்பட்ட திருத்தம், விலங்குச் சோதனைக்கு மாற்றாகக் கணினி வழி முறைகளுக்கும் இடமளித்தது. எனவே இம்மாதிரிகளைத் திறனாயும் பொறுப்பு மருந்தியலாருக்கு மட்டும் உரியதன்று. ஒரு பொருளை மற்றொன்றாகக் காட்டும் செயலை ஈராயிரம் ஆண்டுகளாக ஆராய்ந்த மரபு ஒன்று தமிழில் உண்டு. அம்மரபுக்கும் இதில் சொல்வதற்கு இருக்கிறது.

சொல்லில் தொடங்கும் சிக்கல்

கணினியில் ஓர் இயக்கத்தைப் போலச் செய்து காட்டுவதற்குத் தமிழில் பாவனையாக்கம், போலச்செய்தல், உருவகப்படுத்தல் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் பரவலானது உருவகப்படுத்தல். இச்சொல் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அணியிலக்கணத்தை எவரும் நினைத்திருக்கமாட்டார்கள். தண்டியலங்காரம் உருவகத்தை வரையறுக்கும்போது, உவமைக்கும் பொருளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நீக்கி இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவது என்கிறது. உவமையிலோ வேறுபாடு அழிவதில்லை. போல, அன்ன, நிகர்ப்ப முதலிய உருபுகள் வெளிப்பட நின்றாலும் தொக்கு மறைந்தாலும், ஒப்பிடப்படும் இரண்டும் இரண்டாகவே இருக்கின்றன. தொல்காப்பியர் உருவகத்துக்குத் தனி இடம் தராமல் உவமவியலுக்குள்ளேயே அனைத்தையும் அடக்கினார் என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

கல்லீரல் மாதிரி ஓர் உவமை. அதை உருவகம் என்று அழைக்கும் கணத்தில் வேறுபாடு மறைகிறது. சொல்லாடல் மட்டுமே இது என்று ஒதுக்க இயலாது. 2010ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் அரசு நிதியுடன் தொடங்கிய பெருந்திட்டம் ஒன்றுக்கு மெய்ந்நிகர் கல்லீரல் வலையமைப்பு என்று பொருள்படும் பெயர் இடப்பட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் மெய்ந்நிகர் கல்லீரல் என்றே தன் திட்டத்தை அழைத்தது. ஆங்கிலப் பெயரில் உவம உருபு எதுவும் இல்லை. தமிழாக்கத்தில், எவரும் திட்டமிடாமலே, நிகர் என்னும் சொல் வந்து அமர்ந்துகொண்டது. தொல்காப்பியர் தொகுத்த உவமச் சொற்களில் நிகர்ப்ப என்பதும் ஒன்று. மூலத்தைவிட மொழிபெயர்ப்பு நேர்மையாக அமைந்த அரிய இடங்களில் இதுவும் ஒன்று என்பேன். மெய் என்னும் முன்னொட்டும் தற்செயலாகவே பொருந்துகிறது. வினை, பயன், மெய், உரு என உவமை தோன்றும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். புலிபோல் பாய்தல் வினை; மழைபோல் வழங்குதல் பயன்; உடுக்கைபோல் இடை என வடிவத்தை ஒப்பிடுதல் மெய்; பொன்போல் மேனி என நிறத்தை ஒப்பிடுதல் உரு. கல்லீரல் மாதிரிகள் நிறத்தைத் தொடுவதில்லை. வினை, பயன், மெய் ஆகிய மூன்றுக்கும் இடையில்தான் அவை தடுமாறுகின்றன.

பானையும் குழாயும்

உடலை உறுப்புகளாகப் பிரித்து, இரத்த ஓட்டத்தால் அவற்றை இணைத்து மருந்தின் போக்கைக் கணக்கிடும் எண்ணத்தை 1937இல் சுவீடன் நாட்டு உடலியங்கியலார் டார்ஸ்டன் டியோரல் முன்வைத்தார். அவருடைய சமன்பாடுகளைத் தீர்க்க அன்று கணினி இல்லை. கல்லீரலுக்கென்று தனி மாதிரிகள் உருப்பெற்றது 1970களில். மால்கம் ரோலண்டு, லெஸ்லி பெனட், கேரி கிரஹாம் ஆகியோர் 1973இலும், வில்கின்சன், ஷாண்டு ஆகியோர் 1975இலும் எழுதிய கட்டுரைகள் அடித்தளம் இட்டன. சாண்டி பாங், ரோலண்டு ஆகியோர் 1977இல் இருவகை மாதிரிகளை நேருக்கு நேர் நிறுத்தி ஆராய்ந்தனர்.

முதல் வகை, நன்கு கலக்கப்பட்ட பானை. கல்லீரலுக்குள் நுழையும் இரத்தம் நொடியில் முழுவதும் கலந்துவிடுகிறது. உள்ளே எங்கும் மருந்தின் செறிவு ஒன்றே. வெளியேறும் இரத்தத்தின் செறிவும் அதுவே. இரண்டாவது வகை, இணையாக அடுக்கிய குழாய்கள். ஒரு முனையில் புகும் இரத்தம் மறுமுனைக்குச் செல்லச் செல்ல மருந்தை இழக்கிறது. கல்லீரலின் நுண்ணமைப்பை அறிந்தவர் எவரும் குழாயே உண்மைக்கு அருகில் இருப்பதாகச் சொல்வர். கல்லீரல் நுண்மடல்களில் இரத்தம் விளிம்பிலிருந்து நடுச்சிரையை நோக்கியே ஓடுகிறது. மருந்துகளை மாற்றும் சைட்டோகுரோம் நொதிகளும் எங்கும் சமமாக இல்லை. நடுச்சிரையைச் சூழ்ந்த உயிரணுக்களில் அவை மிகுதி. பாராசிட்டமால் மிகையாக உண்டவரின் கல்லீரல் நடுச்சிரையைச் சுற்றி முதலில் அழிவதற்குக் காரணம் இதுவே. ஆயினும் தொழிலில் பெரிதும் வழங்குவது பானை. அதன் கணக்கு எளிது. மூன்று எண்கள் போதும். இரத்த ஓட்டம், இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் மருந்தின் பங்கு, நொதிகளின் உள்ளார்ந்த நீக்கத் திறன் ஆகியவையே அவை.

பானையும் குழாயும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர், அதாவது மணிக்கு 90 லிட்டர் இரத்தம் வருகிறது. அதில் முக்கால் பங்கு வாயில் சிரையின் வழி வருவது. ஒரு மருந்தைப் பொறுத்து, தனித்திருக்கும் பங்கையும் சேர்த்து எண்ணிய நொதிகளின் திறன் மணிக்கு 10 லிட்டர் என்று கொள்வோம். பானைக் கணக்கில் கல்லீரல் மணிக்கு 9 லிட்டர் இரத்தத்திலிருந்து அம்மருந்தை நீக்கும். குழாய்க் கணக்கில் ஏறத்தாழ 9.5 லிட்டர். வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. நொதிகளின் திறன் 900 லிட்டராக உயர்ந்தால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. பானையில் 81.8 லிட்டர், குழாயில் 90க்குச் சற்றே குறைவு. இவ்வெண்களை மட்டும் பார்ப்பவருக்கு இதுவும் சிறு வேறுபாடாகத் தோன்றும். நோயாளியின் இரத்தத்தில் சேர்வதோ கல்லீரலைத் தப்பிச் செல்லும் பகுதி. அது பானையில் நூற்றுக்கு 9; குழாயில் பத்தாயிரத்தில் அரைப் பங்கினும் குறைவு. ஏறத்தாழ 2,000 மடங்கு வேறுபாடு! ஒரே கல்லீரல், ஒரே மருந்து. உவமை மட்டும் மாறியிருக்கிறது.

மெய்யால் பொருந்தாத பானை வினையால் பொருந்துவதாக அதன் ஆதரவாளர்கள் வாதிடுகின்றனர். பல மருந்துகளில் அளந்த மதிப்பு பானையின் பக்கம் சாய்ந்தது உண்மை. இவ்விரண்டுக்கும் நடுவே, ராபர்ட்ஸ், ரோலண்டு ஆகியோர் 1980களில் முன்வைத்த சிதறல் மாதிரி ஓர் இணக்க முயற்சி. உயர்ந்த பொருளையே உவமையாகக் கொள்ள வேண்டும் என்னும் தொல்காப்பிய நெறியைப் பார்த்தால் கல்லீரலுக்குப் பானை உவமையாவது வேடிக்கைதான். சிறுமை கருதியும் உவமை அமையும் என்று அவரே இடமளித்திருப்பதால் அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை.

கால்சிசினில் மாதிரியின் தேர்வு

கால்சிசினுக்கு மேற்கண்ட பூசல் ஏறத்தாழப் பயனற்றது. கல்லீரல் தன்னைக் கடக்கும் கால்சிசினில் சிறு பகுதியையே ஒருமுறையில் பிரித்தெடுக்கிறது. மேலே காட்டிய முதற்கணக்கு இத்தகைய மருந்துக்கு உரியது. எந்த உவமையை எடுத்தாலும் விடை ஒன்றுபோலவே வரும். மருந்தியல் இதழ்களில் பானையா குழாயா என்று பல பக்கங்கள் செலவிடுவோர், வடிவத்தைப் பற்றிய அவ்விவாதம் எந்த மருந்துகளுக்குப் பொருந்தாது என்பதை முதலில் சொன்னால் வாசகருக்கு உதவியாக இருக்கும்.

கால்சிசினில் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதை மாற்றும் முதன்மை நொதி சிஒய்பி 3ஏ4. குடற்சுவர், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் உயிரணுக்களில் நின்று மருந்தை வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரதம் அதன் மற்றொரு காவலன். விழுங்கிய கால்சிசினில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே, ஏறத்தாழ 45 விழுக்காடு, உடலுக்குள் முழுமையாகச் சேர்கிறது. சேர்ந்ததில் கணிசமான பகுதி மாற்றமின்றிச் சிறுநீரில் வெளியேறுகிறது. எஞ்சியது கல்லீரலில் மெத்தில் தொகுதி நீங்கிப் பித்தத்தோடு குடலுக்குள் வந்து, அதில் ஒரு பகுதி மீண்டும் உறிஞ்சப்படுகிறது.

சளி, நிமோனியா முதலியவற்றுக்குக் கொடுக்கப்படும் கிளாரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மேற்சொன்ன இரு காவலர்களையும் ஒருங்கே முடக்குகிறது. மருந்தளவைக் கடக்காமல் கால்சிசின் உண்டு இறந்தவர்களைப் பற்றி அமெரிக்க நிர்வாகம் 2009இல் தொகுத்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் கிளாரித்ரோமைசினையும் உண்டிருந்தது தெரியவந்தது. நலமுள்ள தன்னார்வலர்களிடம் பின்னர் அளந்தபோது, கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் கால்சிசினின் மொத்த இரத்த வெளிப்பாடு மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

இவ்வெண்ணைக் கல்லீரல் மாதிரி ஒன்றால் மட்டும் விளக்க முடியுமா? உடலிலிருந்து கால்சிசின் நீங்கும் வழிகளில் பாதி சிறுநீரகம் என்று வைத்துக்கொள்வோம். கல்லீரலின் நொதியை முற்றிலும் அணைத்துவிட்டாலும் நீக்கம் பாதியாகக் குறையும். வெளிப்பாடு இரண்டு மடங்காகும். அதற்குமேல் போக வழியில்லை. அளந்ததோ மூன்றுக்கும் மேல். எஞ்சிய பங்கு குடற்சுவரிலிருந்து வரவேண்டும். அங்கே காவல் குலைந்தால் 45 விழுக்காடாக இருந்த சேர்க்கை நூறு வரை உயர இடமுண்டு. அது மட்டுமே இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டையும் பெருக்கினால்தான் அளந்த எண் எட்டுகிறது. கல்லீரலைத் தனித்து எடுத்து எவ்வளவு நுட்பமாக வரைந்தாலும், ஆயிரம் நுண்மடல்களை ஒவ்வொன்றாகக் கணினியில் எழுப்பினாலும், இந்த நோயாளியின் மரணத்தை அம்மாதிரி முன்கூட்டிச் சொல்லாது. முழு உடல் மாதிரிகளின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. அவற்றை இகழ்வோர் இவ்விடத்தை நேர்மையாகக் கடக்க வேண்டும். சிறுநீரகமும் கல்லீரலும் ஒருங்கே நலிந்த முதியவர் ஒருவருக்கு இவ்விரு மருந்துகளையும் கொடுத்துப் பார்க்க எந்த அறமும் இடம் தராது, கணினியில் கொடுத்துப் பார்க்கலாம்.

பயன்பாட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. விடை தெரிந்தபின் மாதிரியை அவ்விடைக்குத் திருகிப் பொருத்துவது எளிது. பி-கிளைக்கோபுரதத்தின் திறனை ஆய்வுக்கூடத்தில் நேரடியாக அளந்து கல்லீரலுக்கு ஏற்றி உரைப்பது கடினமாகையால், பல கட்டுரைகளில் அது பொருத்தத்துக்கேற்ப மாற்றப்படும் எண்ணாக அமைகிறது. ஒரு மருந்துச் சேர்க்கையில் பொருத்திய எண்ணை வைத்து வேறொரு சேர்க்கையைக் கணித்து, அக்கணிப்பு மெய்ப்படுகிறதா என்று பார்ப்பதே தேர்வு. வெராபமில், டில்டியாசெம் ஆகிய இரத்த அழுத்த மருந்துகள் கால்சிசினின் வெளிப்பாட்டை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகின்றன. கிளாரித்ரோமைசினில் பயின்ற மாதிரி இவ்விரண்டையும் தொடாமலே சொல்லிவிட்டால் அது உவமையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே திருகப்பட்டால் அது பழைய அட்டவணையைப் புதிய எழுத்துருவில் அச்சிட்டதற்கு ஒப்பு.

எவருடைய கல்லீரல்

மென்பொருளைத் திறந்தவுடன் ஒரு மனிதர் காத்திருக்கிறார். அவருக்கு வயது, எடை, கல்லீரலின் அளவு, ஒரு கிராம் கல்லீரலில் உள்ள நொதியின் அளவு எல்லாம் முன்னரே எழுதப்பட்டுள்ளன. இவ்வகை மென்பொருள்களில் முதலில் விரிவாகக் கட்டப்பட்டது வட ஐரோப்பிய வெள்ளையர் தொகுதி. பின்னர் ஜப்பானியர், சீனர், கருவுற்றோர், கல்லீரல் இழைநார்வு நோயாளர் எனத் தொகுதிகள் சேர்ந்தன. நொதித்திறனை அளக்கப் பயன்படும் உயிரணுக்களும் நுண்பொருள்களும் பெரும்பாலும் மாற்று அறுவைக்குப் பயன்படாத மேலைநாட்டுக் கொடையாளர்களின் கல்லீரலிலிருந்து வருபவை. உள்ளுறை உவமத்தில் கருப்பொருளே பேசும், சொல்ல வந்தது மறைந்து நிற்கும். மாதிரியிலும் அவ்வாறே நிலமும் மக்களும் எண்களுக்குள் மறைந்து நிற்கின்றனர். அகப்பாடலைப் படிப்பவருக்குத் திணை தெரிந்திருக்கும். மாதிரியின் வரைபடத்தைப் படிப்பவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை.

எவருடைய கல்லீரல் என்னும் கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. கணினி எட்டாத காலத்தில் சென்னையிலேயே அது கேட்கப்பட்டது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியாகச் சென்னையில் காசநோய் மருந்துச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சியே. மருத்துவமனையில் கிடத்தாமல் வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியதற்காக அம்மையம் புகழ்பெற்றது. அப்புகழின் நிழலில் மறைந்தது மற்றொரு பணி. ஐசோநியசிட் என்னும் மருந்தைக் கல்லீரல் அசிட்டைல் ஏற்றிச் செயலிழக்கச் செய்கிறது. சிலர் இதை விரைந்து செய்வர், சிலர் மெதுவாக. பிறவியிலேயே அமைந்த வேறுபாடு இது. தென்னிந்தியக் காசநோயாளரிடம் குறித்த அளவு மருந்து கொடுத்து, குறித்த நேரத்தில் இரத்தம் எடுத்து, கங்காதரம் முதலியோர் அளந்து 1961இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மெதுவாகச் செயலிழக்கச் செய்வோர். ஜப்பானியரிடம் இப்பங்கு 10 விழுக்காட்டை ஒட்டியது. வாரம் ஒருமுறை மருந்து கொடுக்கும் திட்டங்களைச் சென்னை மையம் பின்னர்ச் சோதித்தபோது, விரைந்து செயலிழக்கச் செய்வோரிடம் குணம் குறைந்ததற்கு விளக்கம் கையிலேயே இருந்தது.

இப்பணியில் மாதிரி எதுவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. விரைவோர், மெதுவோர் என இரண்டாகப் பகுத்ததே ஒரு மாதிரி. அம்மாதிரியின் எண்கள் எவருக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்ததோ அவர்களிடமிருந்தே வந்தவை என்பதுதான் வேறுபாடு. புதுச்சேரி ஜிப்மர் மருந்தியல் துறையினர் பிற்காலத்தில் தமிழ் மக்களிடம் சிஒய்பி 2சி19 நொதியின் மரபு வேறுபாட்டை ஆராய்ந்து, அந்நொதி செயலற்றோர் ஐரோப்பியரைவிட இங்கு மிகுதி எனக் காட்டியதும் இவ்வழியில் வந்த பணி. இவை மாதிரிகளுக்குள் நுழைய எந்தத் தடையும் இல்லை. மென்பொருள்கள் புதிய தொகுதியை ஏற்கும் வகையிலேயே அமைந்துள்ளன. திறமூல மென்பொருளில் அதற்குக் கட்டணமும் கிடையாது. இருந்தும், இந்தியாவிலிருந்து வரும் மாதிரிக் கட்டுரைகளில் எடையையும் உயரத்தையும் மாற்றிவிட்டு நொதிகளை அப்படியே விட்டுவிடும் வழக்கம் காணப்படுகிறது. உடை மாற்றிய வட ஐரோப்பியர் அவர், வெள்ளகோவில்காரர் ஆகிவிடமாட்டார்.

நஞ்சளவில் உவமையின் முறிவு

இதுவரை பேசியது மாத்திரையின் அளவு. கண்வலிக்கிழங்கு விளையும் நிலத்தில் கால்சிசின் மாத்திரையாக மட்டும் கல்லீரலைச் சந்திப்பதில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலங்கையிலும் இக்கிழங்கை உண்டு இறந்தோரைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் பல பதிற்றாண்டுகளாக வெளிவருகின்றன. உண்ணத்தக்க கிழங்கெனப் பிறழ உணர்ந்து உண்டவர்கள் அவர்களில் சிலர். உயிரை மாய்த்துக்கொள்ள உண்டவர்கள் பலர். சித்த மருத்துவம் இதை நஞ்சுப்பொருளாகவே வகுத்து, சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கலாகாது என்கிறது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.8 மில்லிகிராமைக் கடந்தால் உயிர் பிழைப்பது அரிது என்பது மருத்துவ நூல்களில் வழங்கும் எல்லை. அதனினும் குறைந்த அளவில் இறந்தவர்களும் உண்டு.

மாதிரி இவ்விடத்தில் என்ன சொல்கிறது? மருந்தளவைப் பத்து மடங்காக்கினால் இரத்தச் செறிவும் பத்து மடங்காகும் என்றோ, நொதி நிறைவுற்றால் சற்றுக் கூடுதலாகும் என்றோ அது வரைபடம் தரும். வரைபடம் பார்வைக்கு நேர்த்தியாகவே இருக்கும். ஆனால் கால்சிசின் உயிரணுக்களின் உள்ளே இழைகளாக நிற்கும் டியூபியூலின் புரதத்தைப் பிடித்து அவற்றைக் குலைக்கிறது. உயிரணுப் பகுப்பு நிற்கிறது. உயிரணுவுக்குள் பொருள்கள் இடம் பெயர்வதும் குலைகிறது. முதல் நாள் வாந்தியும் பேதியும் நீரை வற்றச் செய்கின்றன. அடுத்த சில நாள்களில் எலும்பு மச்சை அடங்கி வெள்ளணு குறைகிறது. இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. உயிர் பிழைத்தவருக்கு இரண்டு வாரம் கழித்து முடி உதிர்கிறது. பானைக் கணக்கின் மூன்று எண்களை இப்போது நினைவுகூர்ந்தால், இரத்த ஓட்டம் இதயத்தோடு வீழ்கிறது, நொதித்திறன் கல்லீரல் உயிரணுவோடு வீழ்கிறது, இரத்தப் புரதமும் குறைகிறது. மாறிலிகள் என்று எழுதப்பட்டவை மூன்றும் மருந்தின் இரைகளாகிவிட்டன. பானையில் ஊற்றிய நீர் பானையையே கரைத்தால் எந்த உவமையும் நிற்காது.

மருந்தால் கல்லீரலுக்கு நேரும் சேதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் டிலிசிம் போன்ற மாதிரிகள் 2010க்குப் பின் வளர்ந்துள்ளன. உயிரணுவின் ஆற்றல் உற்பத்தி, பித்த அமிலத் தேக்கம், உயிர்வளி அழுத்தம் எனச் சில வழிகளை அவை உள்ளடக்குகின்றன. திசை சரியானது. ஆனால் அவை புதிய மருந்து ஒன்று சந்தைக்கு வருமுன் அதன் கேட்டை அறிய விரும்பும் நிறுவனங்களுக்காக, அவர்களின் நிதியில் கட்டப்பட்டவை. காந்தள் கிழங்கை உண்டு வட்டார மருத்துவமனைக்குத் தூக்கிவரப்படும் ஒருவரைக் கணக்கிட எந்த நிறுவனத்துக்கும் தேவை எழவில்லை. மாதிரிகளின் குருட்டிடங்கள் பெரும்பாலும் அறிவின் எல்லையில் அமைவதில்லை. செலவு செய்வோரின் ஆர்வம் முடியும் இடத்தில் அமைகின்றன.

கால்சிசினுக்கு வழக்கில் உள்ள முறிவு மருந்து இல்லை. 1995இல் பிரான்சு நாட்டு மருத்துவர்கள், கால்சிசினைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதத் துண்டுகளைக் கொடுத்து ஓர் இளம்பெண்ணைக் காப்பாற்றிய செய்தி வெளியானது. அது அங்காடிக்கு வரும் மருந்தாகவில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றிருந்தால் வந்திருக்கும். இத்தகைய நஞ்சின் கணக்கு அவ்வாறுதான்.

நஞ்சளவுக்கு உரிய மாதிரி ஒன்றைக் கட்டத் தேவைப்படுவது எளிய பொருள்தான்: கிழங்குண்டவரின் இரத்தம், நேரம் குறித்து, பலமுறை எடுத்து அளந்தது. 0.6 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை உண்டபின் இரத்தத்தில் கால்சிசினின் உச்சச் செறிவு மில்லிலிட்டருக்கு 2.5 நானோகிராம் அளவே. இதை அளக்க நிறமாலைப் பொருண்மைமானி வேண்டும். சென்னை, புதுச்சேரி, வேலூர் ஆகிய ஊர்களின் ஆய்வகங்களுக்கு அது புதியதன்று. நஞ்சுண்டவரிடம் செறிவு பல மடங்கு மிகும் என்பதால் அளப்பது இன்னும் எளிது. குளிரூட்டிய சிறு குப்பிகளில் இரண்டு மணிக்கு ஒருமுறை எடுத்த மாதிரி, எவ்வளவு உண்டார் என்னும் குறிப்பு, சிறுநீரின் அளவு, கல்லீரல் நொதிகளின் அன்றாட எண் ஆகியவை ஐம்பது நோயாளரிடமிருந்து சேர்ந்தால் வட ஐரோப்பியரை இறக்குமதி செய்யாத மாதிரி ஒன்று எழும். 1961இல் சென்னையில் செய்தது இதனினும் கடினமான வேலை. தாராபுரத்திலோ காங்கயத்திலோ உள்ள மருத்துவமனை ஒன்றிலிருந்து தொடங்கலாம். விதை அறுவடையாகும் தோட்டங்களும் கிழங்கு கிடைக்கும் வரப்புகளும் அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கின்றன.